ஒரு கான்டசா, ஒரு டர்போ, ஒரு ரேடியேட்டர் மூடி

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். இது கார் பதிவு, கொஞ்சம் நீளமும் கூட. ஆனா கார்னா காத தூரம் ஓடறவங்களும் படிக்கலாம். நடுவுல எங்க ஊரு, போடி மலை, அத்தை, மாமா எல்லாரும் வராங்க.

எங்க வீட்டு பேஸ்மெண்ட்ல ஒரு அட்டைப்பெட்டி இருக்கு. உள்ள பழைய துணியில சுத்தி ஒரு சின்ன டர்போ. தங்கமணி அதுக்கு வெச்சிருக்கற பேரு 'நத்தை'. பாக்கவும் அப்படித்தான் இருக்கும். போன வாரம் பேஸ்மெண்ட் ஒதுங்க வைக்கும்போது பையன் கையில மாட்டிக்கிச்சு. "அப்பா, இது எதுக்கு?"ன்னு கேட்டான். ஒரே வரியில பதில் வரல. அதான் இங்க வந்து உக்காந்துட்டேன்.

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளா தான், ஆனா வீட்டுலயும் சந்தையிலயும் தமிழ். வேலந்தாவளம் தாண்டினா கோயம்புத்தூர், கோபாலபுரம் தாண்டினா பொள்ளாச்சி. அத்தையைக் கட்டிக் குடுத்தது இடுக்கி மாவட்டம் பூப்பாறை. மாமா வீட்டுக்கு ஏலக்காய்த் தோட்டம். அதுவும் கேரளா தான். ஆனா நாங்க போறது பொள்ளாச்சி, பழனி, தேனி, போடி வழியா, போடிமெட்டு ஏறி. கேரளாவுல இருந்து கேரளாவுக்குப் போக பாதித் தமிழ்நாட்டைச் சுத்துவோம். உடுமலை, மறையூர், மூணாறு வழியா போனா கிட்டம் தான். ஆனா போடியில அம்மாவோட அண்ணன் வீடு. அங்க மத்தியான சாப்பாடு சாப்பிடாம மலை ஏறினா அம்மா கார்ல இருந்து இறங்கிருவாங்க :-)

அந்தப் பயணத்துக்கெல்லாம் எங்க வீட்டுக் கான்டசா. அப்பா தேங்காய் மண்டி நல்லா ஓடின காலத்துல, 1998-ல, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. 1993 மாடல் கான்டசா கிளாசிக், வெள்ளை.

இப்ப உள்ள பிள்ளைங்களுக்குக் கான்டசான்னா தெரியாது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல சந்தைக்கு கொண்டு வந்த கார். உடம்பு இங்கிலாந்துக்காரனோட வாக்ஸ்ஹால் விக்டர், 1972-ல வந்த மாடல். முதல்ல அம்பாசடரோட ஒன்றரை லிட்டர் இன்ஜினைத் தூக்கி இதுக்குள்ள வெச்சாங்க. யானைக்கு ஆட்டுக்கால் மாதிரி. அப்புறம் ஜப்பான் இசுசுவோட 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் அஞ்சு கியரும் வந்ததும் வண்டிக்கு உயிர் வந்துச்சு. 88 குதிரைசக்தி. 2002-ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. நீளமான பானெட், தடியான உடம்பு, பின்சக்கரம் தள்ளற வண்டி. அதனால இதை 'இந்தியாவோட மஸில் கார்'னு சொல்றவங்க நிறைய.

நான் 2005-ல மிச்சிகன் வந்தேன். டெட்ராய்ட் பக்கம், ஆணி புடுங்கறதும் கார் சம்பந்தப்பட்ட கம்பெனியில தான். இங்க வந்தப்புறம் தான் நிஜமான மஸில் கார்னா என்னன்னு தெரிஞ்சுது. 1964-ல போன்டியாக் ஜி.டி.ஓ.ன்னு ஒண்ணு வந்துச்சு. நடுத்தர சைஸ் காருக்குள்ள 6.4 லிட்டர் வி8 இன்ஜின், 325 குதிரைசக்தி. அந்த மாதிரி வண்டிங்க எல்லாம் ஆகஸ்ட் மாசம் ஒரு சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவுல ஊர்வலம் வரும். 1995-ல இருந்து நடக்குது. எங்க ஊர்த் தேர் மாதிரி, ரோடு முழுக்க நாற்காலி போட்டு உக்காந்து பாப்பாங்க.

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் ஃபேக்டரியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். அவர் கராஜ்ல ஒரு 1970 செவ்ரலே செவெல், 5.7 லிட்டர் வி8. அதுக்கு டர்போ போட்டு ரோட்ல ஓட்டணும்னு அஞ்சாறு வருஷமா செஞ்சிட்டிருந்தார். 2021-ல கொரோனாவால வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தப்போ நான் அங்க போய் ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற ஆளாச் சேர்ந்துட்டேன். ஒருநாள் அப்பா வண்டி போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இது எங்க ஊரு வண்டியோட சொந்தக்காரன்"னார். நான் சிரிச்சேன். அப்புறம் தோண்டிப் பாத்தா, மனுஷன் சொன்னது வாஸ்தவம். வாக்ஸ்ஹாலை ஜெனரல் மோட்டார்ஸ் 1925-லயே வாங்கிருச்சு. இசுசுவுல 1971-ல 34.2 சதவீதப் பங்கு வாங்கினதும் அவங்க தான். இசுசு பிக்கப்பை செவ்ரலே பேரை ஒட்டி இங்க வித்தாங்க. அதுலயும் இதே குடும்பத்து 1.8 இன்ஜின் வந்துச்சு, 84 மி.மீ. போர், 82 மி.மீ. ஸ்ட்ரோக், 1817 சி.சி. பெரியவர் வாங்கின முதல் பிக்கப்பே அது தானாம்.

அன்னைக்கு ராத்திரியே எக்ஸெல் ஷீட் திறந்துட்டேன். பேரு 'அப்பா வண்டி'.

ஏன் டர்போ? அதுக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்துச்சு. போடியில இருந்து போடிமெட்டு, ஒரு இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல ஆயிரம் மீட்டர் ஏத்தம். சின்ன வயசுல ஒவ்வொரு தடவையும் மேல ஏறும்போது ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவுல வண்டி கொதிச்சு நிக்கும். அப்பா பானெட்டைத் திறந்துட்டு துண்டால விசிறுவார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்புங்க ஒவ்வொண்ணா எங்களைத் தாண்டிப் போகும். ஜீப்ல இருக்கறவங்க எல்லாம் எங்களைப் பாக்கறாங்கன்னு எனக்கு வெக்கமா இருக்கும். 'என்னைக்காவது இந்த மலையில இந்த வண்டி நிக்காம ஏறணும்'னு அப்பவே மனசுல விழுந்துருச்சு.

மலைக்கும் டர்போவுக்கும் நிஜமாவே சம்பந்தம் உண்டு. மேல போகப் போகக் காத்து மெலிசாகும். போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்தை விட ஒரு 15 சதவீதம் கம்மி. இன்ஜின் சக்தியும் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும். 88 குதிரையில ஒரு 75 தான் மிஞ்சும். டர்போன்னா வேற ஒண்ணும் இல்ல, சைலன்ஸர் வழியா வீணாப் போற புகையை வெச்சு ஒரு சக்கரத்தைச் சுத்தி, அந்தச் சுத்துல இன்னொரு சக்கரம் காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்றது. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். 1918-ல அமெரிக்காவுல சான்ஃபோர்ட் மாஸ்ங்கறவர் ஒரு விமான இன்ஜினை பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே லாரியில ஏத்திட்டுப் போய், 4,300 மீட்டர் உயரத்துல டர்போ போட்டு ஓட்டிக் காட்டினார். மலை பறிச்ச சக்தியை டர்போ திருப்பிக் குடுத்துருச்சு. இதைப் படிச்சதும் எனக்குத் தலைகால் புரியல. போடிமெட்டுக்காகவே கண்டுபிடிச்ச மாதிரி இருந்துச்சு.

சரி, பாகங்களுக்கு வருவோம்.

முதல் கேள்வி, டர்போ என்ன சைஸ். பெருசு வாங்கினா சக்தி நிறைய, ஆனா இன்ஜின் வேகமாச் சுத்தினா தான் அது கண் முழிக்கும். சிறுசுன்னா உச்சத்துல சக்தி கம்மி, ஆனா சீக்கிரமே வேலை செய்யும். ரேஸ்காரனுக்குப் பெருசு, ரோட்டுக்குச் சிறுசு. 1977-ல சாப் கம்பெனி 99 டர்போன்னு குடும்பக் காருக்கே டர்போ வெச்சப்போ பண்ணினதும் இதைத் தான். சின்ன டர்போ, அழுத்தம் அளவைத் தாண்டாம புகையை வெளிய விடற ஒரு வால்வு. கொண்டை ஊசியில ரெண்டாம் கியர்ல 2,500 சுத்துல ஏறுற வண்டிக்கு இது தான் சரின்னு பழைய சாப்ல இருந்து கழட்டின ஒண்ணை வாங்கினேன். அது தான் நத்தை.

ரெண்டாவது, பெட்ரோல். காத்தை அமுக்கினா சூடாகும். சூடான கலவை ஸ்பார்க்கோட தீ வந்து சேரும் முன்னாடியே தானா வெடிச்சா 'கட கட'ன்னு தட்டும், அது தொடர்ந்தா பிஸ்டன் ஓட்டையாயிரும். அதைத் தாங்கற திறனைத் தான் ஆக்டேன் நம்பர்னு சொல்றோம். இங்க நம்மாளுங்க நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. அமெரிக்க பம்புல 87-ன்னு போட்டிருக்கறதும் இந்தியாவுல 91-ன்னு சொல்றதும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். இந்த ஊர்ல ரெண்டு விதமா அளந்து சராசரி போடறாங்க, அங்க பெரிய நம்பரை மட்டும் சொல்றாங்க. ஆக, பெரியவர் செவெலுக்கு ஊத்தற 93 நம்ம கணக்குல சுமார் 98. அவர் போட்ட அழுத்தத்தை அப்படியே காப்பி அடிச்சா, கொழிஞ்சாம்பாறை பங்க்ல சாதா பெட்ரோல் போடற அப்பா வண்டி தாங்காது. அரை பாருக்கு மேல போகக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன்.

மூணாவது, எத்தனால். 2022-ல நாட்டுல பத்து சதவீதம் கலந்தாங்க, 2025-க்குள்ள இருபது ஆயிருச்சு. எத்தனால்ல ஆக்டேன் அதிகம், அது நல்லது. ஆனா அதோட எரிசக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி. சுத்தமான பெட்ரோல்னா ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காத்து, இருபது சதவீதக் கலவைன்னா சுமார் 13.5 தான். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய கணக்குலயே ஊத்தும். கலவை மெலிசாப் போய் சூடு ஏறும். டர்போ வண்டியில அது பெரிய ஆபத்து. ஆக, கார்புரேட்டரைத் தூக்கிட்டு இன்ஜெக்டர் வேணும். இன்ஜெக்டர்னா அதிக அழுத்தப் பெட்ரோல் பம்ப் வேணும், ஆக்ஸிஜன் சென்சார் வேணும், எல்லாத்தையும் ஆட்டி வைக்க ஈ.சி.யூ. வேணும், அதுக்குப் புது ஒயரிங் வேணும். கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா குடும்பமே வேன் பிடிச்சு வருமே, அந்தக் கதை.

அப்புறம் காத்தைக் குளிர வைக்க இன்டர்கூலர். கூடுற சக்தியைத் தாங்க கனமான கிளட்ச். கியர் பாக்ஸ் தாங்குமா, பின் ஆக்ஸில் தாங்குமா... ஷீட் 47 வரிக்குப் போயிருச்சு. 2022 லீவுக்கு ஊருக்குப் போறப்போ பெட்டியில சாக்லேட் போக வேண்டிய இடத்துல இரும்பு போச்சு. தங்கமணி மூணு நாள் பேசல.

எங்க ஊர்ல ஒர்க்ஷாப் வெச்சிருக்கறவரை எல்லாரும் ஆசான்னு தான் கூப்பிடுவாங்க. இத்தனை வருஷமா அப்பா வண்டியைத் தொட்ட ஒரே கை அவரோடது. ஷீட்டைத் தமிழ்ல படிச்சுக் காட்டினேன். பொறுமையாக் கேட்டார். கேட்டுட்டு, "தம்பி, இந்த ஈ.சி.யூ. பூப்பாறை ரோட்ல ராத்திரி பத்து மணிக்குக் கெட்டுப் போச்சுன்னா ஆரு பாக்கறது? உங்க லேப்டாப் அமெரிக்காவுல இருக்கும். அப்பாகிட்ட இருக்கறது ஒரு ஸ்க்ரூ டிரைவர்"னார்.

நான் ஏதோ சமாளிச்சேன். அப்பா வாசல்ல நின்னுட்டு, "பையன் ஆசைப்படறான், செஞ்சு குடுங்க ஆசான்"னு மட்டும் சொன்னார். இன்ஜினை இறக்கச் சொல்லிட்டு நான் ப்ளைட் ஏறிட்டேன். மீதிப் பாகங்களை ஒவ்வொண்ணா அனுப்பறதாப் பேச்சு.

அனுப்பினேனா? வேலை மாறுச்சு, வீட்டுக்கூரை ஒழுகுச்சு, பொண்ணுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டினோம். ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை ஷீட்டை மட்டும் திறப்பேன். இந்த இன்ஜெக்டரா அந்த இன்ஜெக்டரான்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாப்பேன். ஊர்ல வண்டி நாலு கட்டை மேல நின்னுட்டிருந்துச்சு.

இந்த இடத்துல பெரியவர் சொன்ன ஒரு கதையைச் சொல்லியாகணும். உலகத்துல முதன்முதலா டர்போவோட விற்பனைக்கு வந்த கார்கள் இந்த ஊர் ஜி.எம். கம்பெனியோடது தான், 1962-ல. அதுல ஒண்ணு ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். 3.5 லிட்டர் வி8, 215 குதிரைசக்தி. இன்ஜின் தட்டாம இருக்கத் தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டாங்க்ல ஊத்தணும். பொறியியல்ல குறையே சொல்ல முடியாது. ஆனா வாங்கினவங்க நிறைய பேர் அந்தத் திரவத்தை ஊத்த மறந்துட்டாங்க. டாங்க் காலியானா வண்டி தானாவே சக்தியைக் குறைச்சுக்கும். கடைசியில நிறைய வண்டியில டர்போவைக் கழட்டிட்டு சாதா கார்புரேட்டரை மாட்டிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டே வருஷத்துல மாடலையே நிறுத்திட்டாங்க. இதைச் சொல்லிட்டுப் பெரியவர் கேட்டார்: "உன் வண்டியை ஓட்டப் போறது யாரு?"

நான் "அப்பா"ன்னேன். "அப்பறம் ஏன் லிஸ்ட்ல இருக்கறதெல்லாம் உனக்குப் பிடிச்சதா இருக்கு?"ன்னு கேட்டுட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பாத்தார். எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனாலும் ஷீட்டை மூடல.

2023-ல வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கற வருஷம். பதினஞ்சு வருஷம் முடிஞ்ச வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் காட்டிப் புதுப்பிக்கணும். எம்.வி.ஐ. வந்து இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் எல்லாம் ஒத்துப் பாப்பார். அப்ப தான் சித்தப்பா பையன் போன்ல சட்டத்தை எடுத்துச் சொன்னான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா, ஆர்.சி.யில இருக்கறதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல தான் 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதை உறுதியாச் சொல்லுச்சு. அதே வருஷம் சட்டத்தையும் திருத்தி, மாத்தற உரிமையாளருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ஒவ்வொரு மாத்தத்துக்கும் அஞ்சாயிரம் ரூபாய் அபராதம், இல்ல ரெண்டும்னு வெச்சுட்டாங்க. விபத்துன்னு ஒண்ணு ஆனா இன்ஷூரன்ஸ்காரனும் கையை விரிச்சுருவான். மிச்சிகன்ல பெரியவர் செய்யறதை அப்படியே கொழிஞ்சாம்பாறையில செய்ய முடியாது. இதை 47 வரி எழுதறதுக்கு முன்னாடி முதல் வரியில பாத்திருக்கணும். கார் கம்பெனியில வேலை பாக்கற எனக்கு இது தெரியலைன்னா வெளிய சொல்லிக்கவே வெக்கம்.

அதே வருஷம் அக்டோபர்ல மாமா போயிட்டார். தூக்கத்துலயே. செய்தி வந்ததும் அப்பாகிட்டப் பேசினேன், அத்தைகிட்டப் பேசினேன், ரெண்டு நாள் மனசு சரியில்லாம இருந்தேன். அவ்வளவு தான் எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் ஏப்ரல்ல ஆசானோட வீடியோ கால். இன்ஜினை ஷெட்ல எத்தனை நாள் வெச்சிருக்கறதுன்னு கேக்கக் கூப்பிட்டிருந்தார். பேச்சுவாக்குல சொன்னார். மாமா இறந்த செய்தி வந்தது ராத்திரி ரெண்டு மணிக்கு. வண்டி இருந்திருந்தா ரெண்டரைக்குக் கிளம்பிக் காலையில ஒம்பது மணிக்குப் போய் இறங்கியிருப்பாங்க. அந்த நேரத்துல மலைக்கு வரதுக்கு டாக்ஸி கிடைக்கல. விடிஞ்சு ஒருத்தர் வந்தார். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தப்போ மத்தியானம் தாண்டிருச்சு. மாமாவை எடுத்துட்டாங்க. கூடப் பிறந்த அக்கா வீட்டுக்காரர் முகத்தை அப்பாவால பாக்க முடியல. அத்தை, "வண்டி எங்கடா?"ன்னு கேட்டதுக்கு "சர்வீஸ்ல விட்டிருக்கு"ன்னு சொன்னாராம்.

ஆறு மாசமா அப்பா என்கிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. வாராவாரம் பேசறோம். "வண்டி வேலை எந்த மட்டுல இருக்கு சாமி?"ன்னு முன்னெல்லாம் கேப்பார். அந்தக் கேள்வி எப்ப நின்னுச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன். அக்டோபர்ல தான் நின்னிருக்கு. நான் கவனிக்கவே இல்ல.

அன்னைக்கு ஷீட்டை அழிச்சேன். அடுத்த சனிக்கிழமை நானு, அப்பா, ஆசான் மூணு பேரும் போன்ல உக்காந்து புது லிஸ்ட் போட்டோம். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கல. மொத்தம் 12 வரி. டர்போ இல்ல, ஈ.சி.யூ. இல்ல. முதல் வரியே பிரேக். மலைக்கு ஏறுறதை விட இறங்கறது தான் கஷ்டம்னு அப்பா சொன்னார். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். புது டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரி வேணும், ஈரம் ஏறினதுன்னா 140-லயே கொதிச்சுரும், பெடல் சும்மா உள்ள போகும். அதனால முழுசா வடிச்சுட்டு டாட் 4, புது ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட். ரெண்டாவது டயர். பட்டன் நல்லா இருந்தாலும் பக்கவாட்டுல உள்ள நாலு நம்பரைப் பாக்கணும், எந்த வாரம் எந்த வருஷம் செஞ்சதுன்னு அதுல இருக்கும். எங்களோடது பத்து வருஷம் தாண்டினது. அப்புறம் எத்தனால் தாங்கற பெட்ரோல் ஹோஸ், புது டயாஃப்ரம், கார்புரேட்டர் ஜெட்டைக் கொஞ்சம் பெருசு பண்றது. கடைசியா ரேடியேட்டர்.

அங்க தான் ஆசான் ஒரு விஷயத்தைக் காட்டினார். ரேடியேட்டர் மூடியைக் கேமரா பக்கத்துல வெச்சார். உள்ள இருக்கற ரப்பர் கல்லு மாதிரி இறுகி வெடிச்சுக் கிடந்துச்சு. "இதை ஆரும் மாத்துனதே இல்ல. எனக்கும் புத்தி போகல தம்பி"ன்னார். மூடி வெறும் மூடி இல்லீங்க. உள்ள 0.9 பார் அழுத்தம் நிக்க வெச்சா தண்ணி கொதிக்க 118 டிகிரி கிட்ட ஆகும். அழுத்தம் நிக்கலைன்னா போடிமெட்டு உயரத்துல 95 டிகிரியிலயே கொதிச்சுரும். சின்ன வயசுல நாங்க கொண்டை ஊசியில நின்னதுக்கெல்லாம் பாதிக் காரணம் இது, மீதிக் காரணம் அடைச்ச ரேடியேட்டரும், அம்மா கட்டிக் குடுத்த மூட்டைங்களும். வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. நாங்க பாக்காம விட்டது. எனக்கு நாப்பது வயசு வரைக்கும் மனசுல கிடந்த கணக்கை ஒரு மூடி தீத்து வெச்சுருச்சு. கோயம்புத்தூர்ல ஒரு கடையில கிடைச்சுது. என் டர்போவை ஊருக்கு அனுப்ப கொரியர்காரன் கேட்ட காசுல அதுல அம்பது வாங்கலாம்.

2024 ஆகஸ்ட்ல ஆர்.சி. புதுப்பிச்சாச்சு. டிசம்பர்ல நாங்க ஊருக்குப் போனோம். போடியில மாமா வீட்டுச் சாப்பாடு முடிச்சுட்டு மூணு மணிக்கு மலை ஏறினோம். அப்பா தான் ஓட்டினார், 75 வயசு. நான் பக்கத்துல உக்காந்து டெம்பரேச்சர் முள்ளையே பாத்துட்டிருந்தேன். ரெண்டாம் கியர், சில இடத்துல முதல் கியர். அவசரமே இல்ல. பின்னாடி வந்த ஜீப்புங்களுக்கு ஒதுங்கி வழி விட்டார். முள்ளு பாதியைத் தாண்டல. முன்னாடி வண்டி கொதிச்சு நிக்கிற ஒரு டீக்கடை வளைவு வந்ததும் அப்பா ஓரம் கட்டினார். நான் பதறிப் போய், "என்னாச்சுப்பா?"ன்னேன். "ஒண்ணும் ஆகல. டீ குடிக்கலாம்"னு இறங்கிட்டார்.

பூப்பாறையில அத்தை வாசலுக்கு வந்தாங்க. வண்டியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல. மறுநாள் காலையில முன் சீட்ல ஏறி உக்காந்துட்டு, "மாமா போனப்புறம் நான் கடைத்தெருப் பக்கமே போகல, ஒரு சுத்து கூட்டிட்டுப் போடா"ன்னு அப்பாகிட்டச் சொன்னாங்க. ரெண்டு பேரும் கிளம்பிப் போனாங்க. நான் அத்தை வீட்டுத் திண்ணையில உக்காந்துட்டேன். அதுல எனக்கு இடம் இல்லைன்னு தோணுச்சு.

நம்மள்ல நிறைய பேர் ஊர்ல ஏதோ ஒரு வேலையைத் தொலைவுல இருந்தே செஞ்சிட்டிருக்கோம். ஒருத்தர் வீடு கட்டறார், ஒருத்தர் போர்வெல் போடறார், ஒருத்தர் அப்பா அம்மாவுக்கு இதய நோய்க்கு டாக்டர் பாக்கறார். எல்லார்கிட்டயும் ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கும். ஆசை தப்பில்ல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அதை உபயோகிக்கப் போறது யாரு, கெட்டுப் போனா யாரு பாப்பாங்க, இந்த ரெண்டையும் முதல் வரியில எழுதிட்டு அப்புறம் மத்ததை எழுதுங்க. நான் கடைசியில எழுதினேன்.

பையன்கிட்ட, "தாத்தா வண்டிக்குன்னு வாங்கினது, அதுக்குத் தேவைப்படல"ன்னு சொன்னேன். "அப்ப பெரியவருக்குக் குடுத்துடலாமா?"ன்னான். செவெலுக்கு இது ரொம்பச் சிறுசு. இருக்கட்டும்னு திரும்பப் பெட்டியிலயே வெச்சுட்டேன்.

பி.கு.: நேத்து அப்பா வாட்ஸ்அப்ல அடுத்த லிஸ்ட் அனுப்பியிருக்கார். 'வைப்பர் ரப்பர் 2. முடிஞ்சா.' இந்தத் தடவை உடனே அனுப்பிட்டேன்.